போஸ்ட்கிரெஸ் 12-லிருந்து 16-க்கு மாறும்போது பெரிய டேபிள் ரீஸ்டோர் ஆகவில்லை, "கீ இஸ் டூப்ளிகேட்டட்" என்று நிற்கிறது

பார்சல்மேசை · வியாழன் இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு இரவுக்குள் முடிக்க வேண்டிய வேலை, மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது.

நான் ஒரு பார்சல் சர்வீஸ் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ். அதன் 12-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2024 நவம்பரிலேயே முடிந்துவிட்டதால் 16-க்குப் போகிறோம். பழைய சர்வரில் பிஜி_டம்ப் வைத்து டேட்டாபேஸை ஃபைலாக எடுத்து, புது சர்வரில் அதை ஏற்ற, ஒரே நேரத்தில் ஓடும் எட்டு ஜாப் வைத்து பிஜி_ரீஸ்டோர் ஓட்டுகிறேன். டம்ப் எடுத்ததும் 16-இன் பிஜி_டம்ப் வைத்துத்தான். சின்ன டேபிள்கள் எல்லாம் ஏறிவிட்டன. புக்கிங் டேபிள்தான் பிரச்சினை. 14 கோடி வரிசை, விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸோடு சேர்த்து 90 ஜிபிக்கு மேல்.

முதல் தடவை "பெர்மிஷன் டினைடு ஃபார் ஸ்கீமா பப்ளிக்" என்று வந்தது. 15-ஆம் பதிப்பிலிருந்து பப்ளிக் ஸ்கீமாவில் (ஸ்கீமா என்பது டேபிள்களைத் தொகுத்து வைக்கும் பிரிவு) யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கும் உரிமையை எடுத்துவிட்டார்கள் என்று படித்து, டேட்டாபேஸின் உரிமையாளரை மாற்றிச் சரி செய்தேன்.

இரண்டாவது தடவை மூன்றரை மணி நேரம் ஓடிவிட்டு, கடைசியில் இப்படி:

"குட் நாட் கிரியேட் யூனிக் இன்டெக்ஸ் புக்கிங்_பிகீ. கீ (கன்சைன்மென்ட்_எண்) = (42-10817) இஸ் டூப்ளிகேட்டட்."

அதற்குக் கீழே இரண்டு ஃபாரின் கீ (மற்ற டேபிள்களிலிருந்து இந்த எண்ணைச் சுட்டும் இணைப்பு) பிழைகள், பொருந்தும் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் இல்லை என்று. டம்ப் ஃபைல் கெட்டுப்போயிருக்கலாம் என்று நினைத்து மறுபடி டம்ப் எடுத்து மறுபடி ஓட்டினேன். அதே எண், அதே பிழை. கன்சைன்மென்ட் எண்தான் பிரைமரி கீ. பழைய சர்வரில் அது இரண்டு தடவை இருக்கவே முடியாதே. பிஜி_டம்ப் ஒரே வரிசையை இரண்டு தடவை எழுதுமா?

தெற்குவாசல் · வியாழன் இரவு 11.58

எழுதாது நண்பரே. முதலில் அந்த இரண்டு ஃபாரின் கீ பிழைகளையும் விட்டுவிடுங்கள். பிரைமரி கீ உருவாகாததால் வந்தவை அவை, மேலே இருப்பது சரியானால் தானாகப் போய்விடும்.

அடிக்கடி நடக்கிற ஒன்று: பாதியில் நின்ற ரீஸ்டோர் மேலேயே மறுபடி ரீஸ்டோர் போடுவது. டேட்டா ஏறி இன்டெக்ஸ் கட்டுவதற்கு முன் நின்றிருந்தால், அடுத்த ஓட்டத்தில் அதே டேட்டா இன்னொரு தடவை ஏறும். தடுக்க அங்கே இன்டெக்ஸ் இல்லை. டேட்டாபேஸை முழுவதும் டிராப் செய்துவிட்டுத்தான் ஓட்டினீர்களா? இரண்டு பக்கமும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள்.

பார்சல்மேசை · வெள்ளி காலை 6.15

டிராப் செய்துவிட்டுத்தான் ஓட்டினேன். இப்போது எண்ணியும் பார்த்துவிட்டேன், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. பிழை வந்த அந்த ஒரு எண்ணைத் தேடினால் புது சர்வரில் 2 வரிசை, பழைய சர்வரில் 1. மொத்த எண்ணிக்கை சமம், ஆனால் இந்த எண் மட்டும் இங்கே இரண்டு, அங்கே ஒன்று. இது எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை.

கிணற்றடி · வெள்ளி காலை 7.02

தம்பி, பழைய சர்வர் சொன்ன அந்த 1-ஐ நம்பாதே. அது இன்டெக்ஸ் வழியாகத் தேடிச் சொன்னது. அதே செஷனில் எனேபிள்_இன்டெக்ஸ்ஸ்கேன், எனேபிள்_இன்டெக்ஸ்ஒன்லிஸ்கேன், எனேபிள்_பிட்மேப்ஸ்கேன் மூன்றையும் ஆஃப் செய்துவிட்டு அதே குவெரியை ஓட்டு. முழு டேபிளையும் படிக்கும், நேரமாகும், பொறுத்துக்கொள்.

இன்னொரு கேள்வி. போஸ்ட்கிரெஸ் இருக்கட்டும், அந்தப் பழைய சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டம் எப்போதாவது மாறியதா? டேட்டா டைரக்டரியை அப்படியே வேறு மெஷினுக்குக் கொண்டுபோனீர்களா?

பார்சல்மேசை · வெள்ளி காலை 7.31

அண்ணா, 2 வருகிறது. பழைய சர்வரிலேயே 2.

ஆமாம், மாறியது. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு ஆதரவு முடிந்ததால், அந்த மாதம் உபுண்டு 22.04-க்குப் போனோம். போஸ்ட்கிரெஸ் அதே 12. உபுண்டு மெஷினை, மாற்றங்கள் உடனுக்குடன் வந்து சேரும் நகலாக, அதாவது ஸ்ட்ரீமிங் ரெப்ளிகாவாக வைத்து, முழுவதும் ஒத்துப்போன பிறகு அதையே பிரைமரி ஆக்கினோம். ஐந்து நிமிடம்கூட நிற்காமல் முடிந்தது என்று அன்று எல்லாரும் பாராட்டினார்கள். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கிணற்றடி · வெள்ளி காலை 8.20

தொடர்பு அதுதான் தம்பி. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கும் உதவும்.

டெக்ஸ்ட் காலத்தின் பி-ட்ரீ இன்டெக்ஸ் என்பது வரிசைப்படுத்தி வைத்த பட்டியல். எது முன், எது பின் என்பதைப் போஸ்ட்கிரெஸ் தானாக முடிவு செய்வதில்லை. நீ தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் சி லைப்ரரியைக் கேட்கும். லினக்ஸில் அது பெரும்பாலும் ஜிலிப்சி. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28-இல் இந்த வரிசை விதிகள் பெரிய அளவில் மாறின. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 2.17, உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35. அந்தக் கோட்டை நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள்.

நம் அகராதியை எடுத்துக்கொள். அதில் "அக்கம்" முதலில், "அகம்" பின்னால். புள்ளி வைத்த எழுத்து முன்னால் வரும் என்பது நம் மரபு. யூனிகோடு எண்படி அடுக்கினால் தலைகீழ், "அகம்" முன்னால் வந்துவிடும். இப்போது மரபுப்படி அடுக்கிய ஒரு அகராதியை, யூனிகோடு எண் வரிசை மட்டுமே தெரிந்த ஒருவரிடம் கொடுத்து "அக்கம்" இருக்கிறதா என்று கேள். அவர் நடுவில் திறப்பார், பின்னால் போக வேண்டும் என்று முடிவு செய்வார், தேடுவார், இல்லை என்பார். சொல் அதே அகராதியில், வேறு பக்கத்தில் இருக்கிறது. "இல்லாவிட்டால் சேர்த்துவிடு" என்று நீ சொல்லியிருந்தால், தான் தேடிய பக்கத்தில் புதிதாக எழுதியும் வைத்துவிடுவார். உன் டேபிளில் நடந்தது இதுதான்.

நீயே சோதிக்கலாம். 1-1 ஒரு வரி, 11 ஒரு வரி. அமெரிக்க ஆங்கில யுடிஎஃப்-8 லோகேலில் சார்ட் கமாண்டுக்குக் கொடு. 2.28-க்கு முந்தைய மெஷினில் 11 முதலில் வரும், அதற்குப் பிந்தையதில் 1-1 முதலில் வரும். முன்பு ஹைஃபனை முதல் சுற்று ஒப்பீட்டில் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள், இப்போது எடுக்கிறார்கள். உன் எண்கள் "கிளை எண், ஹைஃபன், வரிசை எண்" அமைப்பில் இருக்கின்றன. பழைய விதிப்படி 4-210817-ம் 42-10817-ம் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். புதிய விதிப்படி 4-ஆம் கிளையின் எல்லா எண்களும் முடிந்த பிறகுதான் 42 வரும். ஒற்றை இலக்கக் கிளையும் இரட்டை இலக்கக் கிளையும் கலந்து கிடக்கிற இடமெல்லாம் தடுமாறும்.

ஸ்ட்ரீமிங் ரெப்ளிகா பைட்டுக்கு பைட் நகல். சென்ட்ஓஎஸ் வரிசையில் கட்டிய இன்டெக்ஸ் அப்படியே உபுண்டுவுக்கு வந்துவிட்டது. யாருக்கும் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை, 12-இல் அதற்கான வசதி கிடையாது.

ஒன்று கேட்கிறேன், உங்கள் அப்ளிகேஷன் "இன்சர்ட் ... ஆன் கான்ஃப்ளிக்ட்" பயன்படுத்துகிறதா?

பார்சல்மேசை · வெள்ளி காலை 8.47

ஆமாம் அண்ணா. ஹப்பிலிருந்து ஸ்டேட்டஸ் வரும்போது ஆன் கான்ஃப்ளிக்ட் டூ அப்டேட். வரிசை இருந்தால் ஸ்டேட்டஸை மாற்றும், இல்லாவிட்டால் புதிதாகப் போடும்.

சார்ட் ஓட்டிப் பார்த்தேன். உபுண்டுவில் 1-1 முதலில். அலுவலகத்தில் அணைத்து வைத்திருந்த ஒரு பழைய சென்ட்ஓஎஸ் மெஷினில் 11 முதலில். கை நடுங்கிவிட்டது.

இரவுப்பணி · வெள்ளி காலை 9.10

காரணம் தெரிந்துவிட்டது, நல்லது. ஆனால் உங்களுக்கு ஞாயிறு கெடு இருக்கிறது. புது சர்வரில் டேட்டா ஏறிவிட்டது, இன்டெக்ஸ் மட்டும்தான் பாக்கி. ஒரே எண்ணில் இரண்டு வரிசை இருந்தால் சிடிஐடி பெரிதாக உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். பிறகு பிஜி_ரீஸ்டோரில் செக்‌ஷன் ஆப்ஷனைப் போட்டு போஸ்ட்-டேட்டா பிரிவை மட்டும் ஓட்டுங்கள். இன்டெக்ஸும் கன்ஸ்ட்ரெயின்ட்டும் அதில்தான் இருக்கின்றன. மூன்றரை மணி நேர வேலை மறுபடி வேண்டாம். நான் இதுபோல் இரண்டு இடத்தில் செய்திருக்கிறேன்.

தெற்குவாசல் · வெள்ளி காலை 9.34

போஸ்ட்-டேட்டா யோசனை அருமை, பலருக்குத் தெரியாதது. ஆனால் எதை அழிப்பது என்பதைக் கண்ணால் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. சிடிஐடி என்பது அந்த வரிசை டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் இடம், அவ்வளவுதான். அது பெரிதாக இருப்பதால் புதிய வரிசை என்று சொல்லிவிட முடியாது. பழைய வரிசைகளைச் சுத்தம் செய்யும் வேக்யூம் காலி செய்த இடத்தில் புதிய வரிசை போய் உட்காரும்.

பார்சல்மேசை, 42-10817-இன் இரண்டு வரிசைகளிலும் என்ன இருக்கிறது?

பார்சல்மேசை · வெள்ளி காலை 10.05

ஒன்றில் அனுப்பியவர், பெறுபவர், எடை, தொகை எல்லாம் இருக்கிறது, ஸ்டேட்டஸ் மட்டும் "வண்டியில்". இன்னொன்றில் ஸ்டேட்டஸ் "டெலிவரி ஆனது", கையெழுத்து போட்டோவின் பாதை, நேரம். அனுப்பியவர், தொகை எல்லாம் காலி.

எதை அழித்தாலும் பாதி தகவல் போய்விடும்.

இரவுப்பணி · வெள்ளி காலை 10.12

அப்படியானால் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என்னிடம் வந்த இரண்டு இடங்களிலும் இரண்டு வரிசையும் ஒன்றுபோலவே இருந்தன. இது வேறு. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கித்தான் ஆக வேண்டும்.

கிணற்றடி · வெள்ளி காலை 11.25

சேர்க்கும் வேலையைப் பழைய சர்வரிலேயே செய். எப்படியும் ஞாயிறு கடைசியாக ஒரு டம்ப் எடுக்கத்தான் போகிறாய். புது சர்வரில் மட்டும் சரி செய்தால் அந்தக் கடைசி டம்ப்பில் அதே நோய் திரும்ப வரும். தவிர, பழையதில் இன்று மாலைவரைகூடப் புது இரட்டை வரிசைகள் உருவாகிக்கொண்டிருக்கும்.

முதலில் டேட்டா டைரக்டரியின் முழு நகல் ஒன்று எடு. இது இல்லாமல் அடுத்ததில் கை வைக்காதே. பிறகு எழுதும் அப்ளிகேஷன்கள் எல்லாவற்றையும் நிறுத்து. இன்டெக்ஸ் ஸ்கேன்களை ஆஃப் செய்துவிட்டு, கன்சைன்மென்ட் எண்ணால் குரூப் செய்து ஒன்றுக்கு மேல் உள்ளவற்றைத் தனி டேபிளில், சிடிஐடியோடு எடுத்து வை. அப்புறம் சேர்க்க வேண்டியதைச் சேர்.

அழிக்கும்போது கன்சைன்மென்ட் எண்ணை வைத்து டெலீட் போடாதே. அது கெட்ட இன்டெக்ஸ் வழியாகப் போனால் நீ நினைத்த வரிசையை விட்டுவிட்டு மற்றதை அழிக்கும். சிடிஐடியைக் கொடுத்து அழி. எழுதுவதை நிறுத்தியிருப்பதால் சிடிஐடி உன் கையை மீறி மாறாது. நீயே அப்டேட் செய்கிற வரிசைக்கு மட்டும் மாறும், அதனால் முதலில் அழிக்க வேண்டியதை அழித்துவிட்டு அப்புறம் அப்டேட் செய்.

இரட்டைகள் போன பிறகுதான் ரீஇன்டெக்ஸ், அதாவது இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டுவது. முன்னாலேயே போட்டால் புது சர்வரில் வந்த அதே பிழை இங்கேயும் வரும். ரீஇன்டெக்ஸ் கன்கரன்ட்லி என்றால் பாதியில் செத்து "சிசிநியூ" என்று முடியும் செல்லாத இன்டெக்ஸ் ஒன்றையும் விட்டுவிட்டுப் போகும்.

புக்கிங் டேபிளோடு நிறுத்தாதே. இன்டெக்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஏஎம்செக் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, டெக்ஸ்ட், வார்கேர் காலங்கள் உள்ள ஒவ்வொரு பி-ட்ரீ இன்டெக்ஸையும் பிடி_இன்டெக்ஸ்_செக் வைத்துப் பார். 10-ஆம் பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. "ஐட்டம் ஆர்டர் இன்வேரியன்ட் வயலேட்டட்" என்று வந்தால் அந்த இன்டெக்ஸ் கெட்டது. இன்டிஜர், தேதி, யுயுஐடி இன்டெக்ஸ்களுக்கு இதனால் பாதிப்பு இல்லை. சி கொலேஷனில் (கொலேஷன் என்பது எழுத்துகளை அடுக்கும் விதி) இருக்கும் காலங்களுக்கும் இல்லை, அங்கே ஒப்பீடு வெறும் பைட் கணக்கு.

புதுமாணவி · வெள்ளி மதியம் 1.40

குறுக்கே கேட்பதற்கு மன்னியுங்கள் அண்ணா. நான் டேட்டாபேஸ் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். டம்ப்புக்குப் பதில் பிஜி_அப்கிரேட் பயன்படுத்தியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது, அல்லவா?

கிணற்றடி · வெள்ளி மதியம் 2.15

பிழை வந்திருக்காதம்மா, நோய் இருந்திருக்கும். பிஜி_அப்கிரேட் டேட்டா ஃபைல்களை அப்படியே நகலெடுக்கும், இல்லாவிட்டால் லிங்க் செய்யும். இன்டெக்ஸையும் சேர்த்துத்தான். கெட்ட இன்டெக்ஸ் 16-க்குள் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்திருக்கும், இரட்டை வரிசைகள் தொடர்ந்து பெருகியிருக்கும். டம்ப்பும் ரீஸ்டோரும் வரிசைகளை மட்டும் எடுத்துப்போய், இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டும். அதனால்தான் இங்கே பிடிபட்டது.

தெற்குவாசல் · வெள்ளி மாலை 4.50

கடைசி ஓட்டத்துக்கு வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாப் எண்ணிக்கையை எட்டு என்று வைத்தாலும் ஒரு டேபிளின் டேட்டாவை ஒரே ஜாப்தான் ஏற்றும். எட்டும் உதவுவது மற்ற டேபிள்களுக்கும் பிற்பாடு இன்டெக்ஸ்களுக்கும். இன்டெக்ஸ் கட்ட எவ்வளவு ரேம் எடுக்கலாம் என்று சொல்லும் மெயின்டனன்ஸ்_வொர்க்_மெம் வந்த நிலையில் 64 எம்பிதான் இருக்கும். அதை 2 ஜிபி ஆக்கினால் இன்டெக்ஸ் கட்டுவது நன்றாக வேகமாகும், ஆனால் ஒவ்வொரு ஜாப்பும் தனித்தனியே அதை எடுக்கும் என்பதால் எட்டால் பெருக்கி ரேம் போதுமா என்று பாருங்கள். முடிந்ததும் அனலைஸ் ஓட்ட மறக்காதீர்கள். 16-க்கு ரீஸ்டோர் செய்யும்போது, குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவு செய்ய உதவும் புள்ளிவிவரங்கள் டேட்டாவோடு சேர்ந்து வராது, திங்கள் காலை எல்லாக் குவெரியும் தவழும்.

பார்சல்மேசை · திங்கள் அதிகாலை 4.20

முடிந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி. நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

ஏஎம்செக் ஓட்டியதில் மூன்று டேபிள்களில் ஐந்து இன்டெக்ஸ்கள் கெட்டிருந்தன. புக்கிங் டேபிளில் இரட்டையாக இருந்த எண்கள் 3,614. அதில் பெரும்பாலானவை 2024 ஜூனில் சர்வரை மாற்றுவதற்கு முந்தைய பத்து நாளில் புக் ஆகி, மாற்றிய பிறகு டெலிவரி ஆனவை. கிணற்றடி அண்ணா சொன்ன அகராதிக் கதை அப்படியே. புக்கிங் சென்ட்ஓஎஸ் வரிசையில் உட்கார்ந்தது, டெலிவரி ஸ்டேட்டஸ் உபுண்டு வரிசையில் தேடிவிட்டு "இல்லை" என்று புதிதாக எழுதியது.

சேர்ப்பதற்கு விதி ஒன்றுதான் வைத்தோம்: அனுப்பியவர், தொகை உள்ள வரிசை நிற்கும், மற்றதிலிருந்து ஸ்டேட்டஸும் நேரமும் கையெழுத்தும் அதற்குப் போகும். 3,614-இல் 41 மட்டும் இந்த விதிக்குள் வரவில்லை, அவற்றை இரண்டு பேர் உட்கார்ந்து கையால் பார்த்தோம்.

ரீஇன்டெக்ஸின்போது டிஸ்க் 97 சதவீதம் வரை போய்விட்டது. பழைய இன்டெக்ஸ் இருக்கும்போதே புதியது கட்டப்படுவதால் இரண்டுக்கும் இடம் வேண்டும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. நல்லவேளை, பழைய லாக் ஃபைல்களை நகர்த்தி இடம் பண்ணினேன்.

கடைசி ரீஸ்டோரில் புக்கிங் டேபிள் சுத்தமாக ஏறியது. ஆனால் வாடிக்கையாளர் டேபிளில் ஒரு பிழை: போன் நம்பரைச் சுத்தம் செய்யும் எங்கள் ஃபங்ஷனை வைத்துக் கட்டிய இன்டெக்ஸில், "ஃபங்ஷன் டஸ் நாட் எக்ஸிஸ்ட்". ஃபங்ஷன் இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது. அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தேன். 2018-இல் வந்த ஒரு பாதுகாப்புத் திருத்தத்திலிருந்து பிஜி_டம்ப் சர்ச் பாத்தை (ஸ்கீமா பெயர் சொல்லாதபோது எங்கெங்கே தேடுவது என்ற பட்டியல்) காலியாக வைத்துத்தான் எழுதுகிறது. எங்கள் ஃபங்ஷன் உள்ளே இன்னொரு ஃபங்ஷனை ஸ்கீமா பெயர் இல்லாமல் அழைக்கிறது. உள்ளே ஸ்கீமா பெயரைச் சேர்த்துவிட்டு அந்த ஒரு இன்டெக்ஸை மட்டும் கையால் கட்டினேன், சரியாகிவிட்டது.

கிணற்றடி · திங்கள் காலை 7.45

நன்றாகச் செய்திருக்கிறாய் தம்பி. முதலில் தூங்கு. எழுந்த பிறகு இரண்டு காரியம் பார்.

கன்சைன்மென்ட் எண் போன்ற குறியீட்டுக் காலங்களுக்கு சி கொலேஷனை வைத்துவிடு. மனிதர் படிக்கும் வரிசை அதற்குத் தேவையில்லை, எந்த ஜிலிப்சி வந்தாலும் அந்த இன்டெக்ஸ் அசையாது. இன்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டியிருக்கும், 14 கோடி வரிசை என்பதால் பராமரிப்பு நேரம் ஒதுக்கிக்கொள்.

இன்னொன்று, 15 முதல் டேட்டாபேஸ் எந்தக் கொலேஷன் பதிப்பில் உருவானது என்பதை போஸ்ட்கிரெஸ் குறித்து வைக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டம் மாறினால் இணையும்போதே "கொலேஷன் வெர்ஷன் மிஸ்மேட்ச்" என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையிலேயே ரிஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன் கமாண்டும் இருக்கும். அதை மட்டும் ஓட்டினால் எச்சரிக்கைதான் போகும், இன்டெக்ஸ் கெட்டபடியே இருக்கும். ரீஇன்டெக்ஸ் முதலில், ரிஃப்ரெஷ் அதற்குப் பிறகு. இந்த வரிசையை உங்கள் குழுவில் எல்லாருக்கும் சொல்லி வை.

இரவுப்பணி · திங்கள் காலை 9.30

இந்த இழையைப் படித்த பிறகு எங்கள் சர்வரிலும் ஏஎம்செக் ஓட்டினேன். நாங்களும் சென்ட்ஓஎஸ் 7-லிருந்து வந்தவர்கள்தான். இரண்டு இன்டெக்ஸ் கெட்டிருக்கிறது. இன்றிரவு உட்காரப் போகிறேன். முன்பு நான் ஒன்றுபோல இருக்கிறது என்று அழித்த அந்த இரண்டு இடங்களையும் பழைய பேக்கப்பை ஏற்றி மறுபடி பார்க்கவும் போகிறேன்.

பார்சல்மேசை · செவ்வாய் மாலை 6.10

இன்னொன்றையும் இங்கே எழுத வேண்டும். எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். சர்வர் மாறிய அடுத்த மாதத்திலிருந்தே, "பார்சல் போய்ச் சேர்ந்துவிட்டது, பார்ட்டி கையெழுத்தும் போட்டிருக்கிறார், ஆனால் மாதக் கணக்கில் நிலுவை என்று வருகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்கிரீனில் எண்ணைத் தேடினால் இன்டெக்ஸ் வழியாக டெலிவரி ஆன வரிசை வரும், மாத அறிக்கை முழு டேபிளையும் படிப்பதால் இரண்டுமே வரும். ஸ்கிரீனில் டெலிவரி ஆனதாக வருகிறதே, பழைய அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் அவரைத் திருப்பி அனுப்பினேன்.

நேற்று போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மேஜை டிராயரிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். அப்படி வந்த எண்களை எல்லாம் தேதியோடு எழுதி வைத்திருக்கிறார், மொத்தம் 212. நாங்கள் சேர்த்த பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். 209 இருக்கிறது, சேர்த்ததும் சரியாக இருக்கிறது. மீதி 3 எண்கள் எங்கள் இரட்டைப் பட்டியலில் இல்லை, ஏன் என்று இன்னும் தெரியவில்லை. பழைய டேட்டா டைரக்டரியின் நகலைத் தனி மெஷினில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.